கலைந்த கருவையும் கணக்கில் கொண்டுவருவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனால் தமிழ்நாட்டில் அது விசாரணை இல்லாமல் போவதில்லை. எப்போது வலி எடுத்தது, 108 எத்தனை மணிக்கு வந்தது, எந்த மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் வரைக்கும் அந்த மரணம் அலசப்படுகிறது. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. 1990களில் நம் மாநிலம் தொடங்கிய இந்தத் தணிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து வீட்டுக்குத் திரும்பும் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. "சின்ன வயசுதானே, அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுதப்படாத இழப்பு திட்டம் போடுபவர்களின் மேசைக்கு வருவதில்லை. வராத ஒன்றுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், நர்சிங் மாணவிகள், சமூகப்பணி படிப்பவர்கள், பிள்ளையை இழந்த குடும்பங்கள் என இந்த வேலையில் முதன்முறையாக இறங்கும் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். பட்டம் தேவையில்லை. பொறுமையும், கேட்டதை வெளியே சொல்லாத வாய்க்கட்டுப்பாடும் கட்டாயம் வேண்டும்.

முதலில்: கணக்கு எடுத்தால் எதுவும் மாறுமா?

மாறும். நம் மாவட்டங்களிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பழுப்பேறிய பல்லும் வளைந்த காலுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, அதற்குக் காரணமான ஃப்ளோரைடு எந்தெந்த ஊரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்று எழுதி வைத்த பிறகுதான் அதற்கு ஒரு திட்டம் பிறந்தது. ஜப்பான் நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வருவதற்கு அந்தச் சோதனைக் கணக்குகளும் ஒரு காரணம்.

பிரசவத்திலிருந்தே இன்னொன்றைச் சொல்கிறேன். கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமங்களில், வீட்டிலும் துணை சுகாதார நிலையத்திலும் பிரசவித்த 1,620 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006-இல் வெளியானது. பிரசவம் பார்த்தவர்கள் கிராமத்துத் துணை செவிலியர்கள். பாதிப் பேருக்கு ரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு இருந்தது, மிசோபிரோஸ்டால் சாப்பிட்டவர்களில் அது 6.4 சதவீதம்தான். ரத்தத்தை அவர்கள் கண்ணால் பார்த்து மதிப்பிடவில்லை. அளவுக்கோடு போட்ட பை வைத்த பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து அளந்தார்கள். கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் குறைத்தே சொல்வோம்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் அதே மாதிரி அளவு விரிப்பை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ரத்தப்போக்கைச் சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சை முழுவதையும் ஒரே மூச்சில் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் பாதிப்புகளும் 60 சதவீதம் குறைந்தன. 2023-இல் முடிவு வந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாக்கியது. ஒரு விரிப்பும் கவனமாக எழுதிய எண்களும் உலகத்தின் வழிமுறையையே மாற்றியிருக்கின்றன.

கரு கலைவதைப் பற்றியும் இப்படி ஒரு திருப்பம் வந்தது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி கருக்கள் கலைகின்றன என்று 2021-இல் லான்செட் மருத்துவ இதழின் கட்டுரைத் தொடர் கணக்கிட்டது. மூன்று முறை கலைந்த பிறகுதான் பரிசோதனை என்ற பழைய வழக்கத்தை விட்டு, முதல் இழப்பிலிருந்தே படிப்படியாகக் கவனிப்பைத் தொடங்க வேண்டும் என்று அது வாதிட்டது. இங்கே இன்னும் "மூணு தடவை ஆகட்டும், பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வரும் பெண்களுக்காகவே அந்த வாதத்தை நாம் கையில் எடுக்க வேண்டும்.

எந்த இழப்பு என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் எதையும் கேட்டு வாங்க முடியாது. மூன்று மாதத்துக்குள் கலைவது ஒரு வகை. நாலு முதல் ஆறு மாதத்தில் இழப்பது இன்னொரு வகை. 28 வாரத்துக்குப் பிறகு உயிரில்லாமல் பிறப்பது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய இறந்து பிறத்தல். பிறந்து 28 நாளுக்குள் இறப்பது பச்சிளங்குழந்தை மரணம்.

ஒவ்வொன்றுக்கும் காரணமும் பொறுப்பும் வேறு. வலி எடுக்கும்வரை துடிப்பிருந்து, பிரசவத்தின்போது இறந்த குழந்தை என்றால், வண்டி தாமதமா, கவனிப்பு தாமதமா என்று பார்க்க வேண்டும். உலக அளவில் இறந்து பிறக்கும் குழந்தைகளில் 40 சதவீதத்துக்கு மேல் இப்படிப் பிரசவ நேரத்தில் இறப்பவைதான். வலிக்கு முன்பே வயிற்றில் இறந்திருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தொற்று, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு என்று கர்ப்ப காலக் கவனிப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

முதல் மூன்று மாத இழப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமில் தற்செயலாக ஏற்படும் கோளாறினால் நடப்பவை. பப்பாளி தின்றதாலோ, டவுன் பஸ்ஸில் போனதாலோ, குடம் தூக்கியதாலோ இந்தக் கோளாறு வருவதில்லை. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. நீங்கள் ஒரு கணக்கும் எடுக்காமல் இந்த ஒரு செய்தியைப் பத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாலே அது பெரிய வேலை.

ஏற்கெனவே என்ன எழுதப்படுகிறது, எது விட்டுப்போகிறது

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர், கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி தளத்தில் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் என்ற அடையாள எண்ணைக் கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பதால் பெரும்பாலோர் பதிந்துகொள்கிறார்கள். தாய் சேய் நல அட்டை கையில் இருக்கும். மருத்துவமனைப் பிரசவ அறையில் தனிப் பதிவேடு உண்டு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறந்து பிறந்த குழந்தையையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது. தேசிய குடும்ப நல ஆய்வு மாவட்டவாரியாகத் தகவல் அட்டை வெளியிடுகிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனியே உண்டு. இறக்கிப் படித்து வையுங்கள்.

இனி, ஓட்டைகள். பதிவுக்கு முன்பே கலைந்த கரு எங்கேயும் ஏறுவதில்லை. மருந்துக் கடை மாத்திரையோடு வீட்டிலேயே முடிந்தவையும் அப்படித்தான். பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பெண்ணுக்கு அங்கே இழப்பு நேர்ந்தால், இங்கே அவள் பெயர் கர்ப்பிணியாகவே தொங்கிக்கொண்டிருக்கும். பதிவு புருஷன் ஊரில், பிரசவம் தாய்வீட்டில் என்று இரண்டு வட்டாரங்களுக்கு இடையில் காணாமல் போகும் இழப்பும் உண்டு. ஓசூர் ஆலைகளுக்கு வந்த வடமாநிலப் பெண்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பது இன்னொரு சிக்கல்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது பதினெட்டு நிறையாத பெண்கள். குழந்தைத் திருமணம் இந்த இரண்டு மாவட்டங்களின் நெடுநாள் வலி. மருத்துவமனைக்குப் போனால் போக்சோ வழக்கு வரும் என்று குடும்பம் பயப்படுகிறது. அதனால் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம்தான் அதிகம் ஒளிக்கப்படுகிறது.

ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"தருமபுரியில் கர்ப்ப இழப்பு" என்று தொடங்கினால் ஒரு வருடம் கழித்தும் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய அளவுக்குக் கேள்வி சின்னதாக இருக்கட்டும். சித்தேரி மலைப் பெண்களுக்கு முதல் ஸ்கேன் எத்தனையாவது மாதத்தில் கிடைக்கிறது? குழந்தையை இழந்த தாயை, பிள்ளை பெற்றவர்கள் நடுவிலேயே படுக்க வைக்கிறார்களா? இழப்புக்குப் பிறகு ஒரு வாரத்தில் செவிலியர் யாராவது வீட்டுக்கு வந்தார்களா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது விடுப்புக் கேள்வி. கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்திலேயே வந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் 6 வாரப் பலன் உண்டு. நியூசிலாந்து 2021-இல் 3 நாள் விடுப்பைச் சட்டமாக்கியபோது உலகமே பேசியது. நம்மிடம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே 6 வாரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆலைக்கும் மாங்கூழ்க் கம்பெனிக்கும் போகும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அதை எடுத்தார்கள் என்று. எடுக்காததற்குக் காரணம் தெரியாமையா, வேலை போய்விடும் என்ற பயமா, டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை வாரக் கரு, என்ன நடந்தது என்று எழுதாததா? மூன்றாவதுதான் காரணம் என்றால் தீர்வுக்குச் செலவே இல்லை. மருத்துவமனை ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். இப்படிப்பட்ட கேள்விகள்தான் கொள்கையை அசைக்கும்.

அனுமதியும் அடக்கமும்

கல்லூரி வழியாகச் செய்வதென்றால், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்காமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஊர்க் குழுவாகச் செய்தாலும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். மாமியார் பக்கத்தில் இருந்தால் ஒரு பதில், இல்லாவிட்டால் வேறு பதில். செவிலியரோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் அவரைப் பற்றிய குறையை அவர் முன்னால் யார் சொல்வார்கள்? வழிகாட்டிவிட்டு அவர் தள்ளியிருக்கட்டும். "வேண்டாம்னா வேண்டாம், பாதியிலேயும் நிறுத்திக்கலாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தப் பெண் அழுதால் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். மருத்துவ ஆலோசனைக்கான 104, மனநல உதவிக்கான 14416 இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சிசு ஆணா பெண்ணா என்று கேட்கவே கூடாது. பெண் சிசுக்கொலைக்கும் சட்டவிரோத ஸ்கேனுக்கும் பெயர் கெட்டுப்போன வட்டாரம் நம்முடையது. அந்தக் கேள்வி ஒன்றே உங்களை உளவு பார்க்க வந்தவர் ஆக்கிவிடும். 18 வயது நிறைந்தவர்களிடம் மட்டும் பேசுங்கள். சம்பவம் நடந்தபோது வயது என்ன என்பதை நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால் தவிரக் கேட்காதீர்கள்.

பெயர் எழுத வேண்டாம், எண் போதும். அதுவும் போதாத இடங்கள் உண்டு. நாற்பது வீடு உள்ள மலைக் கிராமத்தில் "19 வயது, இரண்டு முறை இழப்பு" என்று போட்டாலே யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அறிக்கையில் ஊராட்சி ஒன்றிய அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கேட்பதும் எழுதுவதும்

"எத்தனை குழந்தைகள்?" என்று தொடங்கினால் இழந்தவை மறைந்துவிடும். கல்யாணத்திலிருந்து தொடங்கி, முதல் தடவை முழுகாமல் இருந்தது எப்போது, அது என்ன ஆயிற்று, அடுத்தது எப்போது என்று ஒவ்வொரு கர்ப்பமாக வாருங்கள். வாரக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. மாதமாகக் கேளுங்கள், தேதி வேண்டுமானால் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் வந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அதிகம். தமிழ்ப் படிவத்தோடு மட்டும் போய் நிற்காதீர்கள்.

மூன்று தாமதங்களையும் கட்டாயம் எழுதுங்கள்: போகலாம் என்று முடிவெடுக்க ஆன நேரம், போய்ச் சேர ஆன நேரம், சேர்ந்த பிறகு கவனிக்க ஆன நேரம். தாய் மரண ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் இந்த முறை இங்கே கச்சிதமாகப் பொருந்தும். கோட்டூர் மலைக்குத் தேர்தல் பெட்டியே கழுதை மேல் போனது. அங்கே ரத்தப்போக்கோடு இறங்கும் பெண்ணுக்கு இரண்டாவது தாமதம்தான் எமன். ஓசூர் நகரத்துக்குள் இருப்பவருக்கோ வண்டி பத்து நிமிடத்தில் வரும், மூன்றாவது தாமதத்தில் சிக்கிக்கொள்வார். இருவருக்கும் ஒரே திட்டம் போட்டால் ஒருவருக்கு வீண்.

எண்களில் இரண்டு பொறிகள் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்து பிறப்பது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைவிட அதிகமாகத் தெரியும். சிக்கலான கேஸ் எல்லாம் அங்கேதான் அனுப்பப்படுகிறது, அதனால் அதை வைத்து மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது. அப்புறம், இறந்து பிறத்தல் விகிதம் என்றால் 1,000 பிறப்புகளுக்கு எத்தனை என்பதுதான், உயிரோடு பிறந்தவை, இறந்து பிறந்தவை இரண்டையும் சேர்த்து. முப்பது பெண்களிடம் பேசிவிட்டு "எங்கள் வட்டாரத்தில் இத்தனை சதவீதம்" என்று எழுதாதீர்கள். முதல் கேள்வியிலேயே உங்கள் அறிக்கையைத் தள்ளிவிடுவார்கள். முப்பது பேரின் அனுபவம் எந்த இடத்தில் வழி அடைபட்டது என்பதைக் காட்டும், அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அரசிடம் இருக்கும் எண்களை வாங்குவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட சுகாதார அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு, வட்டாரவாரியாக, பதிவான கர்ப்பம், உயிர்ப் பிறப்பு, தானாகக் கலைந்த கரு, இறந்து பிறத்தல் என்று மொத்த எண்களை மட்டும் கேளுங்கள். இறந்து பிறத்தலில் பிரசவத்துக்கு முன் இறந்தவை, பிரசவத்தின்போது இறந்தவை என்று பிரித்துக் கேட்பது முக்கியம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. தனிநபர் விவரம் கேட்டால் மறுப்பார்கள், மறுப்பதே சரி.

யாரிடம், எப்போது

யாரால் எதை முடிவு செய்ய முடியும் என்று பார்த்துப் போக வேண்டும். தனிப் படுக்கை, டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி என்பவை மருத்துவ அலுவலரும் நோயாளர் நலச் சங்கமும் முடிக்கக்கூடியவை. மலையடிவாரத்தில் ஸ்கேன் நாள், பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறை என்றால் மாவட்ட சுகாதார அலுவலர், ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். மாவட்ட சுகாதாரப் பேரவை கூடும்போது அங்கே பேச நேரம் கேளுங்கள்.

பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கை சென்னைக்குப் போக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி இன்று 18,000 ரூபாய் அளவுக்கு வந்திருக்கிறது. கேட்கக் கேட்க வளர்ந்த திட்டம் அது. பாதியில் கர்ப்பத்தை இழந்தவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது, எது நின்றுபோகிறது என்று உங்கள் பகுதியில் எழுதி எடுத்துப்போனால், அதற்கு மாவட்ட எல்லையைத் தாண்டிய மதிப்பு உண்டு.

புதிய திட்டம் கேட்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில் ஒரு கொக்கி மாட்டுவது சுலபம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சூளகிரி அருகே சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதில் இந்த இரண்டில் ஒன்று இருப்பதாகத் தெரியவரும் இளம் பெண்களின் விவரம், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கிராம சுகாதார செவிலியர் கைக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். வீடு தேடி வருபவர், செவிலியர் இரண்டு பேரும் ஏற்கெனவே சம்பளத்தில் இருப்பவர்கள்தான்.

மனு ஒரே பக்கம். மேலே ஒரு கோரிக்கை. நடுவில் உங்கள் எண்களும், பெயரில்லாமல் ஒரே ஒரு பெண்ணின் அனுபவமும். கீழே, இதற்கு ஆள் தேவையா, பணம் தேவையா, உத்தரவு மட்டும் போதுமா என்ற விவரம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாவட்டத்தின் தேவைப் பட்டியல் அதற்குச் சில மாதம் முன்பே தயாராகிவிடும் என்பதால் மழைக்காலம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. ரோடு, தண்ணீர், விளக்கு என்று பேச்சு ஓடும் இடத்தில் கரு கலைவதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். சுயஉதவிக் குழுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுந்தால் கூச்சம் குறையும். "எங்கள் துணை சுகாதார நிலையத்தில், கர்ப்பத்தை இழந்த பெண்ணை ஒரு வாரத்துக்குள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும்" என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். தீர்மான எண்ணோடு நகல் வாங்கி வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று அனுப்பிவிட்டு, அடுத்த கிராம சபையில் அதே எண்ணைச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.